பூவின் பெயரும் பெயரின் பொறுப்பும்

எந்தச் செடியும் தன் பெயரோடு முளைப்பதில்லை. பெயர் மனிதன் இட்டது. தான் கண்டதையும் தனக்குப் பயன்பட்டதையும் தான் அஞ்சியதையும் பிறவற்றினின்று பிரித்தறிய அவன் பெயரிடுகின்றான். இட்ட பெயர் அவன் மறைந்த பின்னும் வாழ்கின்றது. அவன் கொண்டிருந்த நம்பிக்கை பொய்த்த பின்னும் வாழ்கின்றது. அங்ஙனமாயின், பொய்த்துப்போன நம்பிக்கையைச் சுமந்து நிற்கும் பெயர் மெய்யான பெயராகுமா? அதனைத் தொடர்ந்து வழங்குவது பொய்யுரைத்தலாகுமா? பழைய பெயர்களுள் எவற்றைப் போற்ற வேண்டும், எவற்றைக் களைய வேண்டும்?

இவ்வினாக்களுக்கு விடை தேடச் சாலையோரத்துச் சிறு பூவொன்று துணை செய்கின்றது. வட அமெரிக்காவின் வயலோரங்களிலும் தரிசு நிலங்களிலும் அது தானே முளைத்துப் பூக்கும். நடுவில் மஞ்சள் வட்டம். அதனைச் சுற்றி நூலிழை போன்ற வெண்ணிற இதழ்கள். சிலவற்றில் இளஞ்சிவப்போ ஊதாவோ கலந்திருக்கும். பார்ப்பவர் அதனை டெய்சி என்றே கருதுவர். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தில் ஒரு பூ எனத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். இதழ் எனக் கருதப்படும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றிக் கருத்துக்குப் பலவாய் விரியும் இச்சிறு பூவிற்கு ஆங்கில மக்கள் இட்ட பெயர் 'பிளீபேன்' என்பதாகும்.

பெயரின் பிறப்பு

இச்சொல்லைக் கேட்கும் தமிழ் மாணவன் முதலில் மயங்கக்கூடும். தலையில் ஊரும் பேனுக்கும் இப்பெயருக்கும் உறவு உண்டோ என்று ஐயுறக்கூடும். ஒலி ஒத்தது தற்செயலே, உறவு ஏதுமில்லை. ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்களை உடன்பிறந்தவை எனக் கொள்வது சொல்லாராய்ச்சியில் பெரும்பிழை. ஆங்கிலத்தில் 'பிளீ' என்பது தெள்ளுப்பூச்சி. 'பேன்' என்பது பழைய ஆங்கிலத்தில் கொலைஞன் எனப் பொருள்பட்ட ஒரு சொல்லின் வழி வந்தது. காலப்போக்கில் அது சாவு, நஞ்சு, கேடு எனவும் பொருள் விரிந்தது. ஓநாய்க்கு நஞ்சாகும் செடிக்கும் கோழிக்குக் கேடு பயக்கும் செடிக்கும் அம்மொழியில் இதே ஈறு கொண்ட பெயர்கள் உண்டு. ஆதலின் பிளீபேன் என்பதைத் தமிழில் 'தெள்ளுக்கொல்லி' எனலாம். பூச்சிக்கொல்லி எனச் சொல்லிப் பழகிய நாவிற்கு இது அயலாகத் தோன்றாது.

இத்துணை மென்மையான பூவிற்குக் கொலைத்தொழில் குறித்த பெயர் வந்தது எவ்வாறு? கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோசுகோரிடிசு தம் மருந்து நூலில் 'கோனிசா' என்னும் செடியைப் பற்றி எழுதியுள்ளார். அதன் இலையைத் தரையில் பரப்பினாலோ எரித்துப் புகையிட்டாலோ நச்சுயிர்களும் கொசுக்களும் அகலும் என்றும், தெள்ளுப்பூச்சிகள் மடியும் என்றும் அவர் குறித்தார். அந்நூல் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய மருத்துவர்களின் கைந்நூலாக விளங்கியது. ஐரோப்பிய நாடுகளில் வீட்டுத் தரையில் நாணலும் மணமிக்க செடிகளும் பரப்பும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அத்தரையிலும் படுக்கையிலும் தெள்ளுகள் பெருகின. பகலெல்லாம் உழைத்த உழவன் இரவில் உறங்கவொட்டாது கடித்தன. ஈரப் புல்வெளியில் வளர்ந்த, கடுமணம் வீசும் மஞ்சள் பூச்செடியொன்றை மக்கள் பறித்து உலர்த்திப் புகையிட்டனர். அதுவே முதலில் தெள்ளுக்கொல்லி எனப் பெயர் பெற்றது. அறிவியலார் அதற்கு இட்ட இலத்தீனப் பெயரும் தெள்ளு என்னும் சொல்லடியாகவே பிறந்தது. சீதபேதியைத் தீர்க்கும் என்னும் நம்பிக்கையும் சேர்ந்து அதே இலத்தீனப் பெயரின் பிற்பகுதி ஆயிற்று. ஒரே செடியின் பெயரில் ஏழை மக்களின் இரு துன்பங்கள் பதிந்து நிற்கின்றன.

பின்னர் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் ஐரோப்பியர் பார்வைக்கு வந்தன. அவற்றுள் சில பழைய தெள்ளுக்கொல்லியை ஒத்திருந்தமையால் அப்பெயரையே பெற்றன. கானடா பிளீபேன் என்பது அவற்றுள் ஒன்று. இவ்வாறு பெயர் செடி விட்டுச் செடி தாவியது. அமெரிக்கப் பூ தெள்ளைக் கொல்லுமா என்று ஆராய்ந்து எவரும் இப்பெயரை இட்டதாகத் தெரியவில்லை. தோற்றத்தின் உறவு கொண்டு தொழிலின் பெயர் வழங்கப்பட்டது. உலர்ந்த பூ தெள்ளை விரட்டும் என்னும் நம்பிக்கைக்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை. எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

காரணமும் இடுகுறியும்

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது புதிய சிக்கலன்று. நன்னூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தார். காரண இடுகுறி என்னும் வகையும் கொள்ளப்படுவதுண்டு. உரையாசிரியர்கள் முள்ளி என்பதை இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். முள் உடைமையால் முள்ளி என்பது காரணம். ஆயினும் முள்ளுடைய செடிகள் எல்லாவற்றையும் முள்ளி என எவரும் அழைப்பதில்லை. குறித்த ஒரு செடிக்கே அது பெயர். அவ்வகையில் அது இடுகுறி.

டெய்சி என்னும் பெயரை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'பகலின் கண்' என்பது. அப்பூ காலையில் விரிந்து மாலையில் கூம்பும். ஆயிரம் ஆண்டுக்கு முன் அப்பெயரிட்டவன் கண்டதை இன்று ஒரு சிறுவனும் புல்வெளிக்குச் சென்று காணலாம். தொட்டாற்சிணுங்கி என்னும் தமிழ்ப்பெயரும் அத்தகையதே. தொட்டவுடன் இலை மடங்குகின்றது; பெயர் மெய்ப்படுகின்றது. மலாய் மக்கள் அதே செடியை நாணம் என்னும் பொருளடியாகச் 'செமாலு' என்றனர். தமிழன் கண்ட சிணுக்கமும் மலாய்க்காரர் கண்ட நாணமும் வேறெனினும், இரு பெயர்க்கும் காரணமான செயல் ஒன்றே. அது இன்றும் கண்முன் நிகழ்கின்றது.

தெள்ளுக்கொல்லியின் நிலை வேறு. அதற்கும் காரணம் உண்டு. ஆனால் அக்காரணம் செடியினிடத்து இன்று காணக்கிடைப்பதன்று; பெயரிட்டவன் உள்ளத்தில் இருந்தது. சொல்லின் பொருட்காரணம் பார்த்த அளவில் விளங்கித் தோன்றாது எனத் தொல்காப்பியர் உணர்த்தியது எத்துணை ஆழமானது! எல்லாச் சொல்லும் பொருள் உடையவை என்று கூறியவரும் அவரே. பொருள் உண்டு, காரணமோ மறைந்து கிடக்கும். அதனைத் தேடிச் செல்பவன் செடியைக் காணப் புறப்பட்டு மனிதனைக் கண்டு மீள்கின்றான்.

கிரேக்க அறிஞர் பிளேட்டோவின் 'கிராத்திலசு' என்னும் உரையாடல் நூலும் இவ்வினாவையே எழுப்புகின்றது. பெயர் பொருளின் இயல்பினின்று பிறப்பது என்பான் ஒருவன். மக்கள் தமக்குள் கொண்ட உடன்பாடே பெயர் என்பான் மற்றொருவன். இருவர் கூற்றையும் ஆராயும் சாக்ரடீசு, பொருள்களைப் பெயர்களின் வாயிலாக அறிவதினும் பொருள்களின் வாயிலாகவே அறிவது சிறந்தது என்னும் முடிவிற்கு வருகின்றார். பெயரைக் கற்றதனாலேயே பொருளைக் கற்றுவிட்டதாக எண்ணும் மாணவனுக்கு இதனினும் நல்ல அறிவுரை வேறில்லை.

பெயர் ஓரிடம், தொழில் ஓரிடம்

தெள்ளுக்கொல்லியின் வரலாற்றில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. அதன் குடும்பத்திலேயே, உண்மையாகப் பூச்சிகளைக் கொல்லவல்ல வேறொரு வெண்பூ இருக்கின்றது. அத்திரியாத்திக் கடலோரமான தால்மேசியாவில் வளரும் அப்பூவைப் பைரித்திரம் என்பர். அதுவும் பார்வைக்கு டெய்சியை ஒத்தது. அதன் உலர்ந்த பூத்தூள் தெள்ளு, கொசு முதலிய பூச்சிகளின் நரம்பைத் தாக்கி வீழ்த்தும். 19ஆம் நூற்றாண்டில் அத்தூள் ஐரோப்பாவெங்கும் விற்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியர் அதனைக் கொண்டு கொசுவத்தி செய்தனர். மலேசிய இல்லங்களில் மாலைதோறும் புகைந்த கொசுவத்திச் சுருளின் மூதாதை அப்பூவே. ஆயினும் அதற்குக் கொல்லி என்னும் பெயர் வாய்க்கவில்லை. தொழில் செய்தது ஒரு பூ. பெயர் பெற்றது மற்றொரு பூ. மனிதர் உலகிலும் இத்தகைய மாற்றம் அரிதன்று.

மற்றொரு செய்தியும் எண்ணத்தக்கது. தெள்ளுக்கொல்லி எனப் பெயரிட்டவர் தெள்ளை உறக்கம் கெடுக்கும் சிறு பூச்சியாகவே அறிந்திருந்தனர். 1347க்கும் 1351க்கும் இடையே கொள்ளைநோய் ஐரோப்பிய மக்களுள் பெரும்பகுதியினரை மாய்த்தபோதும், அந்நோய்க்கும் அப்பூச்சிக்கும் தொடர்புண்டென எவரும் அறியவில்லை. நோய்க்கிருமியை 1894இல் ஆங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டறிந்தார். எலித்தெள்ளே அதனைப் பரப்புகின்றது என்பதை 1898இல் கராச்சியில் பவுல் லூயி சிமோன் ஆய்ந்து காட்டினார். செடி தெள்ளுக்குக் கொலைஞனாக இருந்ததோ இல்லையோ, தெள்ளு மனிதனுக்குக் கொலைஞனாக இருந்தது. எதிரியைச் சரியாகவே அடையாளம் கண்டு, துணைவனைத் தவறாகத் தேர்ந்துகொண்ட பெயர் இது.

கானடா பிளீபேனின் பிற்காலக் கதையும் சுவையானது. ஜப்பானில் அது இருப்புப்பாதை நெடுகப் பரவியமையால் அந்நாட்டு மக்கள் அதனை 'இருப்புப்பாதைப் புல்' என்றனர். அமெரிக்க உழவனுக்கோ அது வெறும் களை. அதனை அழிக்கக் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி தெளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் டெலாவேர் மாநிலத்து வயல்களில் அம்மருந்திற்கும் மடியாத செடிகள் கண்டறியப்பட்டன. கொல்லி எனப் பெயர் கொண்ட செடி கொல்லிக்கே அசையாது நின்றது! மலேசியக் கடலோரத்தில் வளரும் பெலுந்தாஸ் செடியை ஆங்கிலேயர் 'இந்திய பிளீபேன்' எனக் குறித்தனர். மலாய்ப் பெண்களோ அதன் தளிரைப் பறித்து உலாமாக உணவில் சேர்த்தனர். ஒருவர் நூலில் தெள்ளுக்கு நஞ்சாக நின்றது, அடுத்த வீட்டார் தட்டில் சுவையான கீரை. செடியின் இயல்பு முழுவதையும் எந்த ஒரு பெயரும் சொல்லிவிடுவதில்லை. பெயரிட்டவன் நின்ற இடத்தையே அது சொல்கின்றது.

பிழையும் இழிவும்

அவ்வாறாயின் தவறான பெயர்களை எல்லாம் மாற்றிவிடலாமே எனச் சிலர் கூறலாம். தாவரவியலார் அவ்வாறு செய்வதில்லை. முறைப்படி இடப்பட்ட அறிவியற்பெயரைப் பொருள் பொருந்தவில்லை என்னும் ஒரே காரணத்திற்காகத் தள்ளலாகாது என்பது அவர்கள் வகுத்த விதி. தெள்ளுக்கொல்லி இனத்திலேயே இதற்குச் சான்று உண்டு. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட உயரமான செடி ஒன்று 'சுமத்திரா' என்னும் அடைமொழியை இன்றளவும் தாங்கி நிற்கின்றது. அதன் பொதுப்பெயரான சுமத்திரா பிளீபேன் என்பதில் ஊரும் பிழை, தொழிலும் உறுதிப்படாதது. எனினும் உலகெங்கும் உள்ள அறிஞர் அப்பெயரால் ஒரே செடியை அறிகின்றனர். அடையாளம் காட்டும் பணியை அது செவ்வனே செய்கின்றது. அப்பிழையால் செடிக்கும் இழுக்கில்லை, சுமத்திராவிற்கும் இழுக்கில்லை.

ஆயினும் அதே தாவரவியலார் 2024இல் மாட்ரிட் நகரில் கூடியபோது வேறொரு முடிவும் எடுத்தனர். தென்னாப்பிரிக்கக் கருப்பின மக்களை இழிவுபடுத்த வழங்கிய ஒரு சொல்லினின்று பிறந்த அடைமொழி இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் இடம்பெற்றிருந்தது. அதனை ஆப்பிரிக்காவிற்கு உரியது எனப் பொருள்படுமாறு திருத்த அவர்கள் வாக்களித்தனர். பெயரின் நிலைபேற்றை உயிரெனப் போற்றும் துறையினர் அவ்விதியைத் தளர்த்தியது ஏன்? பிழையான பெயர் வேறு. இழிவான பெயர் வேறு என்பதை உணர்ந்தமையால் அன்றோ! பிழை பொருளை மட்டுமே தொடும். இழிவு மனிதனைத் தொடும்.

இங்குதான் ஒரு பூவின் பெயர் பற்றிய ஆராய்ச்சி அறத்தின் எல்லைக்குள் நுழைகின்றது. தன்னைத் தெள்ளுக்கொல்லி என்று அழைத்தாலும் களை என்று அழைத்தாலும் செடி வருந்துவதில்லை. அது அப்பெயரைக் கேட்பதில்லை; அப்பெயருக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதுமில்லை. மனிதன் கேட்கின்றான். கேட்டு வருந்துகின்றான். நாள்தோறும் கேட்டால் நம்பவும் தொடங்குகின்றான். பெயர் அவன்மேல் ஒட்டும் சீட்டாக நில்லாமல், அவன் உள்ளத்துள் இறங்கி வேர்விடுகின்றது.

தமிழர்க்கு இது நூலறிவு மட்டுமன்று, பட்டறிவும் ஆகும். கூலி என்னும் தமிழ்ச்சொல் உழைப்பிற்குத் தரும் ஊதியத்தைக் குறிப்பது. பழிப்புச் சிறிதும் இல்லாத சொல் அது. ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஏடுகளில் அதே ஒலி உழைக்கும் மனிதனின் பெயராக நின்றது. மலாயாவின் காட்டை வெட்டி ரப்பர் நட்டவனுக்கும் பாதை சமைத்தவனுக்கும் தாய் தந்தையர் இட்ட பெயர் இருந்தது, ஊர் இருந்தது, கைத்திறன் இருந்தது. அவை யாவும் அவ்வொரு சொல்லில் மறைந்தன. பெற்ற ஊதியமே அவன் பெயராயிற்று. அப்பெயர் அவனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவனைக் கணக்கில் எழுதியவரின் பார்வையைச் சொன்னது. தெள்ளுக்கொல்லி என்னும் பெயர் செடியைவிடச் செடியைப் பறித்தவனின் இரவுகளைச் சொன்னது போலவே, இப்பெயரும் இட்டவரையே காட்டிக் கொடுக்கின்றது. ஆனால் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் துன்புற்றவன் பெயரிட்டான். பின்னதில் துன்புற்றவன் பெயரைச் சுமந்தான்.

ஆசிரியரும் பெயரிடுபவரே

நாள்தோறும் பெயரிடும் உரிமை பெற்றோருள் முதல்வர் ஆசிரியர். மக்கு, மந்தம், முரடன், கடைசி வாங்கு மாணவன் என்னும் சொற்கள் வகுப்பறையில் எளிதில் பிறக்கின்றன. ஒருநாள் கணக்கில் தவறியவனுக்கு இட்ட பெயர், அவன் கணக்குக் கற்றுத் தேறிய பின்னும் அவனைத் தொடர்கின்றது. அண்ணனுக்கு இட்ட பெயர், தோற்றம் ஒத்திருப்பதனாலேயே தம்பிக்கும் வந்து சேர்கின்றது. அமெரிக்கச் செடிக்கு ஐரோப்பியச் செடியின் பெயர் தாவியது இவ்வாறே அன்றோ? சோதித்துப் பார்த்து இடப்பட்ட பெயர்கள் சில. பார்த்த மாத்திரத்தில் இடப்பட்டவை பல. பைரித்திரம் போல, ஓசையின்றித் தொழில் செய்து பெயர் பெறாது போகும் மாணவரும் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பர்.

பெயரிடாமல் வாழ்தல் இயலாது. வகைப்படுத்தாமல் அறிதலும் இயலாது. ஆதலின் கடமை பெயரிடாதிருத்தலில் இல்லை. இட்ட பெயரை அவ்வப்போது பொருளின் அருகே கொண்டு சென்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கின்றது. பகலின் கண் எனப்பட்ட பூ இன்றும் பகலில் விழிக்கின்றதா எனப் பார்ப்பது போல, மந்தன் எனப்பட்ட மாணவன் இன்றும் மந்தனாகவே இருக்கின்றானா எனப் பார்த்தல் வேண்டும். பெயர் பொருந்தினால் நிற்கட்டும். பொருந்தாது போயினும் எவரையும் வருத்தாததாயின், முன்னோர் விட்டுச்சென்ற நினைவாக அதனைப் போற்றலாம். தெள்ளுக்கொல்லி அத்தகையது. அதனைச் சொல்பவன் பொய்யுரைப்பவன் ஆகான். உறக்கமின்றித் தவித்த மக்கள் கைக்கெட்டிய பூவில் வைத்த நம்பிக்கையை அவன் அறியாமலே நினைவுகூர்கின்றான். பொருந்தாததோடு வருத்துவதாகவும் ஒரு பெயர் இருப்பின், எத்துணைப் பழமையானதாயினும் அதனை நீக்குவதே அறம்.

இலக்கணம் பெயருக்குக் காரணம் கேட்கக் கற்பித்தது. அறம் அதற்கு மேலும் ஒரு வினாவைக் கேட்கக் கற்பிக்கின்றது: இப்பெயரின் சுமை யார் தலையில் இறங்குகின்றது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்கத் தெரிந்த ஆசிரியரிடம் பயிலும் மாணவன் சொற்பொருளோடு பிறரை மதிக்கவும் கற்றுக்கொள்வான்.